வன்னிக் குடும்பங்களுக்கு ஆயுள் காப்புறுதியும் பாரிய நோய்க் காப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துச் சனம் ஆயுள் காப்புறுதி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. வயல், தோட்டம், கடல், கடை, கூலி, கண்ணிவெடி அகற்றும் வேலை என்று நிலையான மாதச் சம்பளம் இல்லாமல் வாழும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். எல்லாம் இலங்கைக் கம்பனிகளின் வழக்கத்துக்கு உரியவை. கனடாவிலோ இந்தியாவிலோ இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் விதிகள் இங்கே பொருந்தா.

முதலில் யாருடைய பெயரில் எடுக்க வேண்டும்?

யாருடைய உழைப்பு நின்றால் அடுத்த மாதம் அடுப்பு எரியாதோ, அவருடைய உயிருக்கு. பலர் பிள்ளையின் பெயரில் தொடங்குகிறார்கள். "பிள்ளையின் படிப்புக்கு" என்று விற்கப்படும் திட்டம் என்றால் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துங்கள்: அதில் காப்புறுதி செய்யப்பட்ட உயிர் தகப்பனுடையதா, பிள்ளையுடையதா? தகப்பனுடையதாக இருக்க வேண்டும். அவர் இறந்தாலோ முற்றாக அங்கவீனமானாலோ மிச்சக் கட்டுப்பணம் (பொலிசிக்காகக் கட்டும் தவணைக் காசு) தள்ளுபடியாகித் திட்டம் தொடரும் என்ற வாசகமும் அதில் இருக்க வேண்டும்.

தாய் தனியாகக் குடும்பத்தை நடத்தும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அங்கே முதல் பொலிசி தாய்க்குத்தான். கணவன் மட்டும் உழைக்கும் வீட்டிலும் மனைவிக்கு ஓரளவு காப்பு வேண்டும். அவர் இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு விடியப்புறம் கடலுக்கோ தண்ணி கட்டவோ போக முடியாது. அந்த வேலைக்கு ஆள் வைக்கும் செலவே மனைவிக்கான கணக்கு.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

வருட வருமானத்தின் 10 மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். வருமானமே போகத்துக்குப் போகம் மாறும் இடத்தில் அது சரிவராது. செலவிலிருந்து தொடங்குங்கள்.

விசுவமடுவில் ஒரு குடும்பம் என்று வைப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். மாதச் செலவு 65,000 ரூபா. அதில் குடும்பத் தலைவரின் சொந்தச் செலவு 15,000. அவர் இல்லாவிட்டால் தேவை 50,000. மனைவி கோழி வளர்ப்பில் 15,000 உழைக்கிறார். மிச்சப் பள்ளம் மாதம் 35,000, வருடம் 4,20,000. கடைசிப் பிள்ளைக்கு வயது 6. அவன் 20 ஆகும்வரை 14 வருடம், ஆக 58.8 இலட்சம். உழவு இயந்திர லீசிங்கில் மிச்சம் 9 இலட்சம். அடகில் இருக்கும் நகைக்கு 3 இலட்சம். செத்தவீடு, எட்டுச்செலவு, 31 முடியும்வரை 2.5 இலட்சம். எல்லாம் சேர்த்து 73.3 இலட்சம். வங்கியில் இருக்கும் 4 இலட்சத்தைக் கழித்தால் 69.3. ஆகவே 70 இலட்ச ரூபாக் காப்பு.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 5 இலட்சமோ 10 இலட்சமோதான். மேலே சொன்ன குடும்பத்துக்கு 5 இலட்சம் 15 மாதம்கூடத் தாங்காது, அதுவும் கடனை ஒருவரும் கேட்காவிட்டால்.

கிடைக்கும் பணத்தை வங்கியில் போட்டால் வட்டி வரும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். விலையும் ஏறும், அதையும் சேர்க்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. 2012இல் போதும் என்று எடுத்த தொகை அந்த ஒரு வருடத்திலேயே கரைந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். புதுப் பிள்ளை, புதுக் கடன், புது வீடு என்றால் அப்போதே போடுங்கள்.

கட்டின காசு திரும்பி வராத பொலிசி எதற்கு? சேமிப்போடு வருவது நல்லதுதானே?

உயிருக்கான காப்பை மட்டும் தருவது டேர்ம் பொலிசி. குறித்த வருடத்துக்குள் இறந்தால் காசு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. மற்றது முதிர்வில் ஒரு தொகை தரும் சேமிப்புப் பொலிசி. முகவர் பெரும்பாலும் கொண்டுவருவது இரண்டாவதைத்தான்.

இரண்டுக்கும் ஒரே கட்டுப்பணத்தைக் கட்டினால், இளம் வயதுக்காரருக்கு டேர்மில் கிடைக்கும் உயிர்க்காப்பு பல மடங்கு பெரிது. சேமிப்புப் பொலிசியில் கட்டுப்பணத்தின் பெரும்பங்கு சேமிப்புக்கும் செலவுக்கும் போய்விடும். அதனால்தான் மாதம் 5,000 கட்டும் வீட்டிலும் காப்புத் தொகை சின்னதாக இருக்கிறது.

எங்கள் கருத்து தெளிவானது: காசு இறுக்கமாக இருக்கும் வீட்டில் முதலில் டேர்மில் வேண்டிய தொகைக்குக் காப்பு, பிறகு வங்கியில் சேமிப்பு. கைக்காசு தங்காத ஆளுக்குச் சேமிப்புப் பொலிசி ஒரு கட்டுப்பாடு தரும் என்பது உண்மை. ஆனால் அது முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் நின்றுவிட்டால் சரண்டர் பெறுமதி (இடையில் நிறுத்தினால் திரும்பத் தரும் காசு) எதுவும் இராது, இருந்தாலும் மிகச் சொற்பம். முகவர் காட்டும் முதிர்வுத் தொகை அட்டவணையில் "உத்தரவாதம்" என்ற நிரலையும் "மதிப்பீடு" என்ற நிரலையும் வேறு வேறாகப் பாருங்கள். பெரிய எண் எப்போதும் மதிப்பீட்டில்தான் இருக்கும்.

முகவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இதே வயதுக்கு, இதே 70 இலட்சத்துக்கு, சேமிப்பு இல்லாமல் 15 வருடத்துக்கு எவ்வளவு வரும்? எழுத்தில் தாருங்கோ." இரண்டு மூன்று கம்பனியில் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். பாரிய நோய்க் காப்பு ஏன்?

வைத்தியம் இலவசம். அதற்குப் போய்வரும் வழியும், அந்த மாதங்களில் நின்றுபோகும் உழைப்பும் இலவசம் இல்லை.

ஒட்டுசுட்டானில் இருக்கும் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் கிளினிக் தெல்லிப்பழையில், சிலவேளை மகரகமவில். மருந்தேற்றுவது மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஆறு தடவை என்று வைத்தால் நாலு மாதத்துக்கு மேல். மருந்தேற்றிய அன்று சத்தியெடுக்கும் ஆளை பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாகனக் கூலி ஒரு தடவைக்கு 18,000 என்றால் அதுவே 1,08,000. கூடப்போகும் ஆளின் கூலி, வெளியில் செய்யச் சொல்லும் ஸ்கான், ஆஸ்பத்திரியில் இருப்பில்லாத மருந்து, அந்தப் போகம் விதைக்காமல் கிடக்கும் காணி, கட்டாமல் விடும் லீசிங் எல்லாம் அதற்கு மேல்.

பாரிய நோய்க் காப்பு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக் காசு தருவதில்லை. நோய் உறுதியானால் ஒப்பந்தத் தொகையை ஒரே தடவையில் தரும். அதை லீசிங்குக்குக் கட்டலாம், சாப்பாட்டுக்குச் செலவழிக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுக் காப்பு வேறு பொருள், குழப்ப வேண்டாம். தொகைக்கு ஒரு வருட வீட்டுச் செலவு, ஒரு வருடக் கடன் தவணை, போக்குவரத்து மூன்றையும் கூட்டுங்கள். மேலே சொன்ன குடும்பத்துக்கு 15 முதல் 20 இலட்சம் வரை வரும்.

36 நோய்க்கு என்கிறார்கள். எந்த நோய் வந்தாலும் கிடைக்குமா?

கிடைக்காது. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். பட்டியலில் நோயின் பெயர் இருந்தால் போதாது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் உள்ள வரைவிலக்கணத்துக்கு உங்கள் நோய் பொருந்த வேண்டும். கிளேம்களில் (காப்புறுதிக் காசு கேட்டுப் போடும் விண்ணப்பங்களில்) பெரும்பகுதி புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றுக்கும்தான் வருகிறது. எங்கள் மண்ணில் சிறுநீரகத்தையும் சேர்க்க வேண்டும். இந்த நான்கின் வரைவிலக்கணத்தையும் வாசித்தால் பட்டியலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

மாரடைப்பு: நெஞ்சு நோ, ஈ.சீ.ஜி.யில் புதிய மாற்றம், இரத்தத்தில் டிரொபோனின் (இருதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் பொருள்) உயர்வு என்பவை சேர்ந்து இருக்க வேண்டும். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருந்து, மாரடைப்பு வரமுதலே ஸ்டென்ட் வைத்தால் சில பொலிசியில் ஒன்றுமில்லை, சிலவற்றில் தொகையின் ஒரு பங்கு. பைபாஸ் என்றால் நெஞ்சைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை என்று எழுதியிருக்கும்.

பக்கவாதம்: கை கால் இழுத்து, வாய் கோணி, ஒரு நாளுக்குள் சரியாகிவிட்டால் கிடைக்காது. நிரந்தரப் பாதிப்பு இருக்க வேண்டும். அது எத்தனை கிழமைக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். சி.ரி. ஸ்கான் அறிக்கையைத் தவறவிடாதீர்கள்.

புற்றுநோய்: பயொப்சி (தசைத் துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை) அறிக்கை கட்டாயம். தோன்றிய இடத்தைத் தாண்டிப் பரவாத ஆரம்ப நிலையையும், மெலனோமா என்ற கடுமையான வகை தவிர்ந்த தோல் புற்றுநோயையும் பல பொலிசிகள் விலக்குகின்றன. ஆரம்ப நிலைக்கு ஒரு பங்கு தரும் திட்டங்களும் உண்டு. பெண்களுக்கு எடுக்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் கருப்பைக் கழுத்து, மார்பு இரண்டிலும் பரிசோதனையில் முந்திக் கண்டுபிடிப்பது நடக்கிறது.

சிறுநீரகம்: இரண்டு சிறுநீரகமும் திரும்பாத அளவு செயலிழந்து, டயலிசிஸ் தொடர்ந்து தேவைப்பட வேண்டும், அல்லது மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டும். "கிரியாட்டினின் கூடியிருக்கு" என்று கிளினிக்குக்குப் போகும் நிலைக்குக் காசு இல்லை. வடமத்திய மாகாணத்தைப் போல வவுனியா மாவட்டத்திலும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். கண்டுபிடித்த பிறகு பொலிசிக்குப் போனால் கம்பனி அந்த நோயை விலக்கும், அல்லது பாரிய நோய்க் காப்பையே மறுக்கும். நல்ல சுகத்தோடு இருக்கும்போதே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பாரிய நோய்க்குக் காசு தந்தால் உயிர்க்காப்பில் கழிப்பார்களா?

இரண்டு வகையும் உண்டு. ஒன்றில், 70 இலட்சத்தில் 20ஐ நோய்க்குத் தந்தால் மரணத்துக்கு 50 மட்டும் மிஞ்சும். மற்றதில் 20 தனி, 70 தனி. இரண்டாவதற்குக் கட்டுப்பணம் கூட. எது என்று எழுத்தில் கேளுங்கள். பாரிய நோய்க் காப்பு எத்தனை வயதில் முடிகிறது, இடையில் அதன் கட்டுப்பணத்தைக் கூட்டக் கம்பனிக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் கூடவே கேளுங்கள். உயிர்க்காப்பு ஓடிக்கொண்டிருக்க நோய்க் காப்பு முந்தி முடிந்துபோவது சாதாரணம்.

எடுத்த அன்றே எல்லாம் தொடங்குமா?

மரணக் காப்பு, கம்பனி விண்ணப்பத்தை ஏற்றுப் பொலிசி நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து. முதல் வருடத்துக்குள் நடக்கும் தற்கொலை பொதுவாக விலக்கு. பாரிய நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு, பெரும்பாலும் 90 நாள். அதற்குள் அறிகுறி தெரிந்து வைத்தியரிடம் போயிருந்தாலும் கிளேம் கிடைக்காமல் போகும். நோய் உறுதியான பிறகு குறித்த நாள், பல பொலிசிகளில் 30 நாள், உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மாரடைப்பு வந்து பத்தாம் நாள் இறந்தால் நோய்த் தொகை இல்லை, மரணத் தொகை உண்டு.

எனக்குப் பிரஷர், சுகர் இருக்கிறது. சொன்னால் தரமாட்டார்களே?

பெரும்பாலும் தருவார்கள், கட்டுப்பணம் கொஞ்சம் கூடும். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து.

விண்ணப்பத்தில் உடல்நலக் கேள்விகள் ஒரு பக்கம் வரிசையாக இருக்கும். அவசரத்தில் இருக்கும் முகவர் பேனையைக் கீழே வைக்காமல் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அடையாளம் போட்டுக்கொண்டு போவார். நீங்கள் அடியில் கையெழுத்து வைப்பீர்கள். ஆறு வருடம் கழித்துக் கிளேம் வரும்போது கம்பனியின் விசாரணையாளர் ஆஸ்பத்திரிக்குப் போவார். வீட்டிலும் கேட்பார்: "கிளினிக் கொப்பி இருக்கா அம்மா?" பார்க்கத்தானே கேட்கிறார் என்று எடுத்துக் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் திகதியும், அதற்குக் கீழே மெட்போமின் 500 என்று சுகர் குளிசையின் பெயரும் எழுதியிருக்கும். அந்தத் திகதி பொலிசித் திகதிக்கு முந்தியது என்றால் கிளேம் மறுக்கப்படலாம். "முகவர்தான் நிரப்பினார்" என்று சொல்வது எடுபடாது, கையெழுத்து உங்களுடையது.

ஆகவே தமிழ்ப் படிவம் கேளுங்கள். முகவர் வரும்போது கிளினிக் கொப்பியையும், ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டிவிடும்போது தந்த துண்டுகளையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் கையால் பதில் போடுங்கள். நாட்டு வைத்தியம், பீடி, சுருட்டு, கள்ளு எதையும் விடவேண்டாம். தாய் தகப்பன், சகோதரங்களின் நோயைக் கேட்டால் அதையும் சொல்லுங்கள். நிரப்பிய எல்லாப் பக்கத்தையும் கொடுக்க முதல் போனில் படம் எடுத்து வையுங்கள். வயதையும் தொகையையும் பார்த்து இரத்தம், சலம், ஈ.சீ.ஜி. பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்குச் சலிக்க வேண்டாம். பரிசோதித்துத் தந்த பொலிசி பின்னுக்கு உங்களுக்குத்தான் பலம்.

உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது. ஒரு கால் செயற்கைக்கால். பொலிசி கிடைக்குமா?

கிடைக்கும். எங்கே, எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை என்று எழுதுங்கள். எக்ஸ்ரே இருந்தால் இணையுங்கள். கையிலோ தோளிலோ அசையாமல் இருக்கும் துண்டுக்கும், தலை, நெஞ்சு, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் உள்ளதற்கும் முடிவு வேறுபடலாம். உயிர்க்காப்பைத் தந்து, அங்கவீனக் காப்பில் அந்தக் காலை மட்டும் விலக்குவது வழமை. விலக்கை எழுத்தில் அனுப்புவார்கள், அதை ஏற்றுக் கையெழுத்து வைத்த பிறகே பொலிசி தொடங்கும். "இரண்டு அவயவம் இழந்தால்" என்ற நோய்ப் பிரிவில் ஏற்கெனவே இழந்த கால் எண்ணப்படுமா என்றும் கேட்டு வைப்பது நல்லது.

கண்ணிவெடி அகற்றும் வேலை, ஆழ்கடல் தொழில், பனை ஏறுதல் இவற்றைச் சொன்னால் கூடக் கேட்பார்களா?

கேட்கலாம், விபத்துக் காப்பை மறுக்கவும் கூடும். ஆனாலும் செய்யும் தொழிலைத்தான் எழுத வேண்டும். "கமக்காரர்" என்று எழுதிவிட்டு வள்ளத்தில் போய் இறந்தால் குடும்பம் வழக்காடிக்கொண்டு திரியும். தொழில் மாறினாலும் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களில் குழுக் காப்புறுதி இருந்தால் அது வேலையோடு முடியும். திட்டம் முடிந்து வேலை நிற்கும் மாதத்தில் உங்கள் கையில் ஒன்றும் இராது என்பதால் சொந்தப் பொலிசி ஒன்று சின்னதாகவாவது ஓட வேண்டும்.

மாதாமாதம் கட்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறது.

மாதக் கட்டணம் சம்பளக்காரருக்கு ஏற்ற முறை. பெரும்போகம் விதைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் கையில் உள்ளது எல்லாம் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போய்விடும். முல்லைத்தீவுக் கரையில் அதே காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காது. பொலிசிகள் செத்துப்போவது இந்த மாதங்களில்தான்.

பொலிசி தொடங்கிய திகதியே ஒவ்வொரு வருடமும் கட்டும் திகதி. அதனால் விண்ணப்பத்தை மாசி, பங்குனியில், நெல்லு விற்றுக் காசு வரும் நேரத்தில் போடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கட்டும் முறையை எடுங்கள். பன்னிரண்டு மாதத் தவணையைக் கூட்டினால் வருவதைவிட அது பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ்ச் சிறுபோகமும் செய்பவர்கள் அரையாண்டாகப் பிரிக்கலாம்: பங்குனியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று.

தவணை தவறினால் பொதுவாக 30 நாள் சலுகைக் காலம். அதற்குள் மரணம் நடந்தால் நிலுவையைக் கழித்துத் தருவார்கள். அதுவும் தாண்டினால் காலாவதி. மீள உயிர்ப்பிக்க நிலுவை, வட்டி, புதிய சுகாதார உறுதிமொழி வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், பாரிய நோய்க்கான காத்திருப்புக் காலம் அங்கிருந்து மறுபடி தொடங்கும். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய ஆள் இரண்டு மாதம் விட்டு, மீளத் தொடங்கி, ஆறாம் கிழமை நோய் கண்டால் கிளேம் இல்லை. கட்ட முடியாது என்று தெரிந்தால் நிற்கவிடாமல் முன்கூட்டியே கம்பனியில் கேட்டுத் தொகையைக் குறையுங்கள்.

லீசிங்கில் காப்புறுதி இருக்கிறது, மைக்ரோ கடனிலும் பிடித்தார்கள். இன்னுமா?

அவை கடனுக்கான காப்பு. நீங்கள் இறந்தால் மிச்சக் கடன் அடைபடும், வீட்டுக்கு ஒரு சதமும் வராது. சிலவற்றில் கடன் எடுத்தவருக்கு மட்டும் காப்பு, கணவனுக்கு இல்லை. மனைவி பெயரில் கடன் எடுத்துக் கணவன் உழைத்துக் கட்டும் வீட்டில் கணவன் இறந்தால் கடன் அப்படியே நிற்கும்.

மோட்டார் சைக்கிளின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்களால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கு. பயிர்க் காப்புறுதி பயிருக்கு.

இருக்கும் உரிமைகளையும் எண்ணுங்கள். அரச ஊழியர்களுக்குத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் அக்ரஹார மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. தனியார் வேலையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போடுவது உங்கள் குடும்பத்துக்கு வரும் காசு. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி கட்டும் 3 வீதத்தோடு மரண, அங்கவீன உதவிகளும் சில சத்திரசிகிச்சை உதவிகளும் சேர்ந்திருக்கின்றன, பலர் கேட்பதே இல்லை. கமக்காரர் ஓய்வூதியத்தில் சேர்ந்திருந்தால் அதன் அட்டையையும் எடுத்து வையுங்கள். ஊர் மரண உதவிச் சங்கத்தை விடவேண்டாம்: செத்தவீட்டன்று கையில் காசு தருவது அதுதான், காப்புறுதிக் காசுக்குக் கிழமைகள் செல்லும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணா கட்டுகிறேன் என்கிறார்.

நல்லது. பொலிசி உரிமையாளர் நீங்களாக இருங்கள், கட்டும் திகதியை அவரும் தெரிந்திருக்கட்டும். வருடத் தவணையை ஒரே தடவையில் அனுப்பச் சொல்லுங்கள். மாதாமாதம் வரும் காசு என்றோ ஒரு நாள் பிந்தும்.

நொமினியாக (நீங்கள் இறந்தால் காசைப் பெறுபவராக) யாரைப் போடுவது?

கணவன் அல்லது மனைவியை. போடாமல் விட்டால் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குக்கு (இறந்தவரின் சொத்தைப் பெறும் வழக்கு) போக வேண்டிவரலாம். கலியாணத்துக்கு முதல் எடுத்த பொலிசியில் தாயின் பெயர் இருக்கும், மாற்ற மறந்திருப்பார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் போட்டால், பிள்ளைக்காகக் காசைப் பெறும் வளர்ந்த ஒருவரின் பெயரும் வேண்டும். பங்கு பிரிப்பதென்றால் வீதம் எழுதுங்கள்.

அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. பிரச்சினையா?

எடுக்கும்போது பிரச்சினையாகத் தெரியாது, கிளேமில் தெரியும். இடம்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்து, பிறகு அவசரத்தில் எடுத்த பிரதிகளில் தலைப்பெழுத்தும் பிறந்த திகதியும் மாறிக்கிடப்பது எங்கள் பக்கம் சாதாரணம். பொலிசி எடுக்க முதல் கணவன், மனைவி இருவருடைய அடையாள அட்டை, பிறப்பு, விவாகப் பதிவுச் சான்றிதழ்களை ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சான்றிதழ்களில் உள்ள பிழையைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்துங்கள். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் பதியுங்கள். கணவன் உயிரோடு இருக்கும்போது அது இலகுவான வேலை.

மரணம் நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, கிளேம் படிவம் கேளுங்கள். மரணச் சான்றிதழ், பொலிசிப் பத்திரம், இறந்தவர், நொமினி இருவரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கடைசிச் சிகிச்சையின் ஆவணங்கள் தேவைப்படும். மரணச் சான்றிதழில் ஐந்தாறு பிரதி எடுத்து வையுங்கள், வங்கிக்கும் லீசிங்குக்கும் வேண்டிவரும்.

விபத்து, பாம்புக்கடி, யானை, மின்னல், நீரில் மூழ்கல் என்றால் பொலிஸ் முறைப்பாடும், திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையும், பிரேத பரிசோதனை அறிக்கையும் வேண்டும். "வெட்ட வேண்டாம் ஐயா" என்று சொந்தக்காரர் கெஞ்சிப் பிரேத பரிசோதனை இல்லாமல் உடலை எடுக்கப் பார்ப்பது நடக்கிறது. அந்தத் துயரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வயலில் விழுந்து கிடந்த மனிதர் பாம்பு கடித்து இறந்தாரா, இருதயம் நின்றதா என்பதை அந்த அறிக்கைதான் சொல்லும். அது இல்லாவிட்டால் விபத்துக்கான மேலதிகத் தொகை கிடைப்பது கடினம். யானை தாக்கிய மரணத்துக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் நட்டஈடு தனி, இரண்டையும் கேட்கலாம்.

கிளேமை மறுத்துவிட்டார்கள். இனி?

மறுப்பையும், எந்த நிபந்தனையின் கீழ் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முகவரோடு வாய்ப்பேச்சில் காலம் போக்க வேண்டாம். நீங்கள் படம் எடுத்து வைத்த விண்ணப்பம் இப்போது உதவும். கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மேன்முறையீடு செய்யுங்கள். தீராவிட்டால் காப்புறுதி குறைகேள் அதிகாரிக்கும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளைக் கண்காணிப்பது அந்த ஆணைக்குழு. தமிழில் எழுதுங்கள், பொலிசி இலக்கத்தையும் மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் சேருங்கள்.

முகவரை எப்படி நம்புவது?

கம்பனி அடையாள அட்டையைப் பாருங்கள். காசைக் கையில் கொடுக்காமல் வங்கியிலோ கம்பனிக் கிளையிலோ கட்டுங்கள். கட்டிய பிறகு கம்பனியிடமிருந்து பற்றுச்சீட்டோ குறுஞ்செய்தியோ வராவிட்டால் அன்றே கிளைக்கு அழையுங்கள். பொலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க ஒரு காலம் உண்டு, பெரும்பாலும் 21 நாள். அந்த நாட்களில் பத்திரத்தை அலுமாரியில் பூட்டாமல் வாசியுங்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். தொகை, வருடம், நொமினி, விலக்குகள் நான்கையும் முகவர் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.

பத்திரங்களை எங்கே வைப்பது?

2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வீட்டுக்குள் தண்ணி வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை நனைந்தன. சிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள், மேல்தட்டில், அடையாள அட்டைப் பிரதிகளோடு வையுங்கள். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சகோதரத்துக்கு அனுப்புங்கள். ஒரு ஒற்றையில் கம்பனியின் பெயர், பொலிசி இலக்கம், கட்டும் திகதி, கிளையின் தொலைபேசி இலக்கம் நான்கையும் எழுதி நொமினியின் கையில் கொடுங்கள். கணவன் பொலிசி எடுத்திருந்தது தெரியாமலே கேட்காமல் விட்ட வீடுகள் இருக்கின்றன.